வடசென்னையில் பழைய வீடு: யார் கட்டினார்கள், யார் யார் குடியிருந்தார்கள் என்று தேடுவது எப்படி?

கேள்வி இதுதான்: பழைய வண்ணாரப்பேட்டையில் நூறு வருஷம் இருக்கும் என்று சொல்லப்படும் மாடி வீடு. ஒரே குடும்பத்தின் வீடாக இருந்து, பிறகு ஒண்டுக் குடித்தனமாகி, கடைசியில் ஆறு பிளாட்டாகப் பிரித்து விற்கப்பட்டிருக்கிறது. அதில் ஒன்றை வாங்கியவர், வீட்டைக் கட்டியது யார், இடையில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். கையில் இருப்பது கிரயப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பீனியன்.

இங்கே இரண்டு தேடல்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பது பதிவுத்துறையில் கிடைக்கும். வீட்டில் இருந்தவர் யார் என்பது அங்கே கிடைக்காது. பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம். மாத வாடகை, பதினோரு மாத ஒப்பந்தம், வடசென்னையில் சர்வசாதாரணமான போக்கியம் எல்லாம் ஸ்டாம்ப் பேப்பரோடு முடிந்துவிடும். ஆகவே வில்லங்கத்தில் ஒரு குடித்தனக்காரர் பெயர்கூட இல்லையே என்று மலைக்க வேண்டாம். அங்கே இருக்காது.

சொந்தக்காரர் தேடலில் முதல் விதி: கதவு எண்ணைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். சென்னையில் கதவு எண் பலமுறை மாறியிருக்கிறது. இன்றைய பலகையில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று இருந்தால், அந்த 14கூட முதல் எண் என்று நினைக்கக் கூடாது. பழைய பத்திரங்களில் ஒரே வீட்டுக்கு மூன்று எண்கள் வரிசையாக எழுதியிருப்பது வழக்கம். நிலத்தின் எண் அவ்வளவு சுலபமாக மாறாது. சென்னை நகரப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மூன்று எண்களைப் பார்க்கலாம்: ஓ.எஸ். நம்பர், அதாவது பழைய சர்வே, ஆர்.எஸ். நம்பர், அதாவது மறு சர்வே, சி.சி. நம்பர், அதாவது கலெக்டர் சர்டிபிகேட் எண். இவற்றோடு பிளாக் எண்ணும் இருக்கும். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1930ல் எழுதிய பத்திரத்தில் ஓ.எஸ். எண்ணும் சி.சி. எண்ணும் மட்டும் இருக்கலாம். இன்றைய வில்லங்கத்தில் ஆர்.எஸ். எண் மட்டும் இருக்கலாம். இரண்டும் ஒரே மனைதான் என்று காட்ட, எல்லா எண்களும் சேர்ந்து வரும் ஒரு நடுக்காலப் பத்திரம் வேண்டும். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அரசின் நில அளவை இணையதளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எடுக்கலாம். பரப்பும் அண்டை மனைகளின் எண்களும் அதோடு வரும் வரைபடத்தில் தெரியும். அதில் இருக்கும் சொந்தக்காரர் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு யாரும் மனுக் கொடுக்காததால் தாத்தா காலத்துப் பெயரே இன்னும் நிற்கும் மனைகள் ஜார்ஜ் டவுனிலும் வண்ணாரப்பேட்டையிலும் ஏராளம். சட்டப்படி இது ஒரு குறை. வரலாறு தேடுகிறவருக்கோ அதிர்ஷ்டம்.

அடுத்தது தாய்ப் பத்திரம். உங்கள் பிளாட் பத்திரத்தில் நீங்கள் வாங்கியது கட்டடத்தின் ஒரு பகுதியும் நிலத்தில் பிரிபடாத பாகமும். சொத்து விவரம் 'அ' ஷெட்யூல், 'ஆ' ஷெட்யூல் என்று பிரிந்திருக்கும். முழு மனையும் 'அ' ஷெட்யூலில் இருக்கும். தேட வேண்டியது அதைத்தான். ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். மனை 1 கிரவுண்டும் (2,400 சதுர அடி) 1,200 சதுர அடியும் என்றால் மொத்தம் 3,600. ஆறு பிளாட்டின் பாகங்களையும் கூட்டினால் 3,600 வர வேண்டும். 3,350தான் வருகிறது என்றால் அந்த 250 சதுர அடி யார் பெயரிலோ இருக்கிறது. பெரும்பாலும் பழைய சொந்தக்காரர் குடும்பத்தில் ஒருவர் மொட்டை மாடி உரிமையோடோ பின்பக்கச் சந்தோடோ வைத்துக்கொண்டிருப்பார். அப்படி ஒருவர் இருந்தால் அவரைத் தேடிப் பிடியுங்கள். வீட்டின் பழைய காகிதங்கள் அவரிடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

பத்திரத்தில் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிவிடும் பகுதி, தொடக்கத்தில் வரும் சொத்து வந்த வழி. 'மேற்படி சொத்தை நான் இன்ன தேதியில் இன்னாரிடமிருந்து கிரயம் பெற்று, வடசென்னை சார்பதிவாளர் அலுவலகம் 1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இத்தனை முதல் இத்தனை பக்கங்களில், இந்த ஆண்டின் இந்த நம்பராகப் பதிவு செய்து அனுபவித்து வருகிறேன்' என்ற மாதிரி இருக்கும். அந்த நம்பர், ஆண்டு, அலுவலகம் மூன்றும் இருந்தால் முந்தைய பத்திரத்துக்கு நகல் மனு போடலாம். அது வந்ததும் அதன் தொடக்கத்தில் அதற்கு முந்தைய பத்திரத்தின் நம்பர் இருக்கும். இப்படியே பின்னோக்கிப் போங்கள். வில்லங்கத்தை வைத்து முன்னாலிருந்து தேடுவதைவிட இது வேகமான வழி. சங்கிலி அறுந்த இடத்தில் மட்டும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்வையிடலாம், நகலும் வாங்கலாம். அதற்கு நீங்கள் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. உயில்கள் இருக்கும் 3ஆம் புத்தகம் வேறு வகை. உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். பழைய பவர் பத்திரம் போன்றவை இருக்கும் 4ஆம் புத்தகத்துக்கு, எழுதிக் கொடுத்தவர், பயன்பெறுபவர், அவர்களின் பிரதிநிதிகள் மட்டுமே நகல் கேட்கலாம். கவுண்டரில் 'உங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று சொன்னால், எந்தப் புத்தகம் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இணையத்தில் வில்லங்கம் பொதுவாக 1975 முதல் கிடைக்கும். அதற்கு முன்பு கைமுறைத் தேடல்தான்: பெயர் வாரியான அட்டவணை ஒன்று, சொத்து வாரியான அட்டவணை ஒன்று. இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். இன்று உங்கள் வீடு ராயபுரம் சார்பதிவாளர் எல்லையில் இருக்கலாம். அந்த அலுவலகம் வருவதற்கு முன்பு அந்தத் தெருவின் பத்திரங்கள் வடசென்னைத் தாய் அலுவலகத்தில், ராஜாஜி சாலைப் பக்கம், பதிவாகியிருக்கும். இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடிவிட்டு 'வில்லங்கம் இல்லை' என்ற சான்றை வாங்கி வந்தால், அந்த ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல. தேடிய இடம் தவறு. மனுவில் எந்தக் காலத்துக்கு எந்த அலுவலகம் என்று பிரித்து எழுதுங்கள். ராஜாஜி சாலையில் உட்கார்ந்திருக்கும் மூத்த பத்திர எழுத்தர்களுக்கு எந்தத் தெரு எந்த ஆண்டில் எங்கே மாறியது என்பது அத்துப்படி. கேட்டால் சொல்வார்கள்.

இணைய வில்லங்கத்தில் இன்னொரு தொல்லை, தட்டச்சு. சர்வே எண் 1423/2 என்பது 1423 என்றோ, கதவு எண் சர்வே எண் இருக்க வேண்டிய கட்டத்திலோ ஏறியிருக்கும். ஆகவே மூன்று விதமாகத் தேடுங்கள்: உட்பிரிவோடு, உட்பிரிவு இல்லாமல், தெரிந்த பத்திர நம்பரை வைத்து. பத்திர நம்பரில் வருவது சர்வே எண்ணில் வரவில்லை என்றால், அந்தப் பதிவில் எண் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே தவறான எண்ணிலும் ஒருமுறை தேடுங்கள். அதே பிழையோடு இன்னும் இரண்டு பத்திரம் கிடைக்கலாம்.

நான்கெல்லை, அதாவது செக்குபந்தி, பழைய பத்திரத்தின் உயிர். அதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் அதிகம். 'இன்னார் வீட்டுக்கு வடக்கு, கார்ப்பரேஷன் சந்துக்குத் தெற்கு, தெருவுக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்கு மேற்கு, இதன் மத்தியில்' என்று எழுதியிருந்தால், இன்னார் வீடு வடக்கே இருக்கிறது என்று பொருளல்ல. நம் மனை இன்னார் வீட்டுக்கு வடக்கில் இருக்கிறது. ஆகவே அவர் வீடு நமக்குத் தெற்கே. தெரு நமக்கு மேற்கே. அதே சொத்தை ஆங்கிலப் பத்திரத்தில் எழுதும்போது வடக்கு எல்லையில் என்ன இருக்கிறது என்று நேராக எழுதுவார்கள். 1938ல் தமிழில் எழுதிய பத்திரத்தையும் 1961ல் ஆங்கிலத்தில் எழுதிய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு, 'எல்லை மாறிவிட்டது, இது வேறு வீடு' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒரு தாளில் படம் போட்டுப் பாருங்கள், பொருந்திவிடும்.

செக்குபந்தியில் இன்னொரு லாபமும் உண்டு. அண்டை வீட்டுக்காரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. உங்கள் வீட்டுச் சங்கிலி 1950க்குப் பின்னால் போகாமல் நின்றுவிட்டதா? தெற்கு வீட்டின் 1920களின் பத்திரத்தை எடுங்கள். அதன் வடக்கு எல்லையாக அன்றைய உங்கள் வீட்டுக்காரர் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் பெயர் அட்டவணையில் தேடினால் சங்கிலி மறுபடி தொடங்கும். சில பத்திரங்களில் எல்லை 'காலி மனை' என்றோ 'ஓட்டு வீடு' என்றோ இருக்கும். ஒரு பத்திரத்தில் காலி மனை, ஒன்பது வருஷம் கழித்து வரும் பத்திரத்தில் மாடி வீடு என்றால், கட்டிய காலம் அந்த ஒன்பது வருஷத்துக்குள் அடங்கிவிட்டது. வேறு எந்த வழியிலும் இவ்வளவு துல்லியமாகத் தேதி கிடைப்பது அரிது.

பெயர்களில் ஒரு எச்சரிக்கை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். அறுபது வருஷம் ஒரே ஆள் சொந்தக்காரராக இருந்ததுபோல் தெரிந்தால், அநேகமாக அது இரண்டு பேர். இனிஷியலையும் 'குமாரர் இன்னார்' என்ற தகப்பன் பெயரையும் ஒவ்வொரு பத்திரத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர்களும் அப்படித்தான். பாப்ஹாம்ஸ் பிராட்வே இன்று பிரகாசம் சாலை, சைனா பஜார் ரோடு இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை, பர்ஸ்ட் லைன் பீச் இன்று ராஜாஜி சாலை. ஆர்மேனியன் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரத் தெரு என்று பெயர். 1970களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுத்தபோது, பல 'செட்டித் தெரு', 'முதலித் தெரு', 'நாயக்கன் தெரு'க்கள் வெறும் ஆள் பெயராகச் சுருங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் காகிதங்களில் ஜார்ஜ் டவுன் என்ற பெயரே வராது. பிளாக் டவுன் என்றுதான் இருக்கும்.

சங்கிலி அறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதாம். ஒன்று, குடும்பத்துக்குள் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். இரண்டு, உயில். சென்னை நகர எல்லைக்குள் இருந்த சொத்துக்கு இந்துக்கள் எழுதிய உயிலுக்கு நெடுங்காலம் உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, பெற வேண்டியிருந்தது. அதனால் உயில் பதிவாகாவிட்டாலும் நீதிமன்றத்தில் ஒரு நம்பர் இருக்கும். அந்தக் கோப்பில் சொத்துப் பட்டியல், வாரிசுகள், சில சமயம் வாடகை வருமானம்வரை இருக்கும். மூன்று, அடமானம். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறையைச் சொத்து மாற்றுச் சட்டம் 1882லேயே மெட்ராஸ் உள்ளிட்ட சில நகரங்களுக்கு அனுமதித்தது. அதற்குப் பதிவு தேவைப்படவில்லை. சௌகார்பேட்டையில் கைமாறிய பல வீடுகள் இப்படிக் கடனில் தொடங்கி, வழக்காகி, நீதிமன்ற ஏலத்தில் போனவை. வில்லங்கத்தில் திடீரென்று நீதிமன்ற விற்பனைச் சான்று ஒன்று மட்டும் தெரிந்தால், பின்னால் ஒரு கடன் கதை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சான்றில் இருக்கும் வழக்கு நம்பரை விடாதீர்கள். பாகப் பிரிவினை வழக்கென்றால், வீட்டைப் பார்த்து வர நீதிமன்றம் அனுப்பிய வக்கீலின், அதாவது அட்வகேட் கமிஷனரின், அறிக்கை இருக்கக்கூடும். எந்த அறையில் யார் இருந்தார்கள் என்று வரைபடத்தோடு எழுதியிருப்பார்.

நான்காவது காரணம் வடசென்னைக்கே உரியது: அடிமனை ஒருவருடையது, மேல் கட்டடம் இன்னொருவருடையது. கோயில், அறக்கட்டளை, பழைய ஜமீன் குடும்பம் இவற்றின் நிலத்தில் தரை வாடகை கட்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களைப் பாதுகாக்கத்தான் 1921ஆம் ஆண்டின் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு சங்கிலிகள் இருக்கும். கட்டடக்காரரின் பெயரை வைத்துத் தேடினால் நிலம் கிடைக்காது. நிலத்தை வைத்துத் தேடினால் கட்டடக்காரர் பெயர் வராது. 1960களில் திடீரென்று ஒரு கோயில் தேவஸ்தானம் கிரயம் எழுதிக் கொடுத்திருப்பதைப் பார்த்து, இது கோயிலாக இருந்தது என்று கதை கட்டிவிட வேண்டாம். அடிமனையை வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இனி குடியிருந்தவர்கள். இங்கே கதவு எண்தான் வழி. முன்னால் ஒதுக்கச் சொன்ன அதே எண்ணை இப்போது கையில் எடுக்க வேண்டும்.

வாக்காளர் பட்டியல் முதல் இடம். கதவு எண் வரிசையில் குடும்பம் குடும்பமாகப் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது இருக்கும். 2002, 2005 ஆண்டுப் பட்டியல்களைத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பார்க்கலாம். தொகுதியைக் கவனியுங்கள். பார்க் டவுன், புரசைவாக்கம் தொகுதிகள் 2008 மறுவரையறையில் மறைந்துவிட்டன. இன்றைய துறைமுகம் தொகுதியின் தெருவை அன்றைய வேறு தொகுதியில் தேட வேண்டியிருக்கும். பட்டியலில் 14 என்றும் 31 என்றும் இரண்டு இடத்திலும் பாருங்கள். ஒரே வீட்டின் மாடிக் குடும்பம் பழைய எண்ணிலும் கீழ்க் குடும்பம் புதிய எண்ணிலும் இருப்பது சகஜம். வீட்டைக் காலி செய்து போனவர் பெயர் பல வருஷம் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தால் அந்தத் தேதிக்குள் அங்கே வந்திருந்தார் என்று சொல்லலாமே தவிர, அந்தத் தேதியில் அங்கே இருந்தார் என்று சொல்ல முடியாது.

அதற்கு முந்தைய காலத்துக்கு மிகச் சிறந்த மூலம் வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகள் என்பது என் கருத்து. 1960ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்தது. ஒண்டுக் குடித்தன வீட்டுக்கும் வழக்குக்கும் பிரிக்க முடியாத உறவு. வாடகை பாக்கி, சொந்த உபயோகத்துக்குத் தேவை, இடித்துக் கட்ட வேண்டும் என்று மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்லி ஆர்.சி.ஓ.பி., அதாவது வாடகைக் கட்டுப்பாட்டு மனு, போடுவார்கள். மனுவில் 'தரைத்தளம் கிழக்குப் பக்கப் போர்ஷன், ஒரு அறை, சமையலறை, மாத வாடகை ரூ. 45' என்று அளந்து எழுதியிருக்கும். சிறு வழக்கு நீதிமன்றத்தின் பழைய கோப்புகள் கால அளவு முடிந்ததும் அழிக்கப்படும். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சீராய்வு மனுவாகப் போயிருந்தால் தீர்ப்பு இணையத்தில் இருக்கக்கூடும். இந்தியன் கானூன் போன்ற இலவசத் தளங்களில் தெருப் பெயரை நாலைந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள். வண்ணாரப்பேட்டைக்கே எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டு என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றக் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டணத்தோடு, கேட்கலாம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளுக்கு 4ஆம் மண்டலமா 5ஆம் மண்டலமா என்பதை உங்கள் வரி ரசீதின் முதல் இலக்கங்களைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 'வீட்டின் வரலாறு வேண்டும்' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த வரி எண்ணுக்கு எந்தத் தேதியில் ஒரே மதிப்பீடு பல மதிப்பீடுகளாகப் பிரிக்கப்பட்டது, அந்த உத்தரவின் நகல்' என்று கேளுங்கள். வீடு எப்போது போர்ஷன்களாகப் பிரிந்தது என்பதற்கு அதுவே அதிகாரபூர்வ தேதி. வாரிசுச் சான்று போன்றவற்றைத் தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள். அது நியாயம்தான்.

வெள்ளைக்காரர்களோ ஆங்கிலோ இந்தியர்களோ இருந்த வீடு என்றால் தேடல் சுலபம். ராயபுரத்தில் 1856ல் ரயில் நிலையம் வந்தது முதல் ரயில்வே, துறைமுக ஊழியர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். மாதா கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் முகவரியோ தொழிலோ குறித்திருப்பதுண்டு. அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற பழைய மெட்ராஸ் டைரக்டரியில் ஐரோப்பியர், பெரிய வணிகர், அதிகாரிகளின் பெயர்கள் வரும். கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். இந்த டைரக்டரிகளில் பெயர் இல்லையென்றால் வீடே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கைவண்டி இழுத்தவரையும் பின்னி மில் தொழிலாளியையும் யாரும் டைரக்டரியில் சேர்க்கவில்லை.

அவர்களைப் பற்றிய காகிதம் வீடுகளில்தான் இருக்கிறது: ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, மணியார்டர் ரசீது, பள்ளிக்கூட டி.சி. தபால் அட்டையில் 'சென்னை-13' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. பின்கோடு அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ல் வந்தது. ராயபுரம் 600013 ஆனது. வாடகை ரசீதில் அணா இருந்தால் 1957க்கு முன்போ அதை ஒட்டியோ.

இனி கட்டடமே சொல்வதைக் கேளுங்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் தேக்குச் சட்டங்கள் வரிசையாகவும், அவற்றுக்கிடையே மெல்லிய செங்கல் சாய்வாகக் குத்திட்டும் நிற்கிறதா? அது மெட்ராஸ் டெரஸ். சுமார் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் கொண்ட சின்ன செங்கலைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, மேலே மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டையான ஓடு பதிப்பார்கள். கூடத்தில் மெட்ராஸ் டெரஸும் பின்கட்டில் ஆர்.சி.சி. தளமும் இருந்தால் பின்கட்டு பிற்காலத்து வேலை. இரும்பு உத்திரத்துக்கு இடையே செங்கல் வளைவு இருந்தால் உத்திரத்தின் பக்கவாட்டைச் சுரண்டிப் பாருங்கள். டார்மன் லாங் என்றோ டாடா என்றோ முத்திரை தெரியலாம். டாடா ஆலையில் எஃகு வார்ப்பு தொடங்கியது 1912ல். டாடா முத்திரை இருந்தால் அதற்கு முந்திய தளமாக இருக்க முடியாது. ஆனால் எதிர்த்திசையில் வாதம் செல்லாது. இடித்த வீட்டின் உத்திரத்தையும் கதவையும் வாங்கிப் போடுவது அன்றும் இன்றும் சென்னையில் உண்டு. டார்மன் லாங் உத்திரம் 1950ல் கட்டிய வீட்டிலும் இருக்கும். மங்களூர் ஓட்டின் முத்திரைக்கும் இதே எச்சரிக்கை.

பிரித்துக் குடித்தனம் வைத்த தடயங்கள் வேறு. கூடத்துச் சுவரில் தட்டிப் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி இருக்கும். பிரிவுச் சுவர் நாலரை அங்குலம்தான். நிலை மட்டும் இருந்து கதவு இல்லாமல் அடைத்த வாசல், இரண்டு அறைகளுக்கு நடுவில் பாதியாக வெட்டப்பட்ட ஜன்னல், தெருப்பக்கம் திண்ணையை உடைத்து ஏற்றிய மாடிப்படி, முற்றத்தில் ஒரே குழாயைச் சுற்றி வரிசையாகக் கட்டிய நாலு துவைகல் இவையெல்லாம் போர்ஷன் காலத்தவை. மீட்டர் பலகையில் பழைய ஆணித் துளைகளை எண்ணினால் ஒரு காலத்தில் எத்தனை மீட்டர் இருந்தன என்று தெரியும். ஒவ்வொரு மின் இணைப்புக்கும் வழங்கிய தேதி மின்வாரியத்தில் உண்டு. உங்கள் இணைப்பின் தேதியை நீங்களே கேட்டு வாங்கலாம்.

பழைய கழிப்பறை கடைசிக் கட்டில், பின்சந்துக்குத் திறக்கும் சின்னக் கதவோடு இருந்திருக்கும். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் சுத்தம் செய்தவர்கள் அந்தச் சந்து வழியாகத்தான் வர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இப்போது அந்தக் கதவு செங்கல் வைத்து மூடப்பட்டிருக்கும். இந்த வீட்டுக்குத் தினமும் வந்துபோய், எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் போனவர்கள் அவர்கள்.

மாடியில் போர்ஷனுக்கு ஒரு குளியலறை என்று பின்னால் சேர்த்திருந்தால், அதற்கு நேர் கீழே சட்டத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தைப் பாருங்கள். கறுத்து, குத்தினால் மாவாக உதிர்ந்தால், தண்ணீர் வருஷக்கணக்காக ஊறியிருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் மழையைத் தாங்கும். தினமும் நிற்கும் ஈரத்தைத் தாங்காது. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மரம் இன்னும் சீக்கிரம் மக்கும். வரலாறு தேடும்போது இதைக் கண்டால் தேடலை ஒரு வாரம் ஒத்திவைத்துவிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'இங்க யாரு இருந்தாங்க பெரியம்மா?' என்றால் கடைசியாக இருந்தவர் பெயர்தான் வரும். 'எம்.ஜி.ஆர். செத்தப்போ இந்த மாடி போர்ஷன்ல யாரு இருந்தாங்க?' என்றால் 1987 டிசம்பர் கண்முன் வந்துவிடும். அண்ணா இறந்த 1969 பிப்ரவரி, சுனாமி வந்த 2004 டிசம்பர் இப்படி ஆணியடித்துக் கேளுங்கள். இன்னும் வயதானவர்கள் வீட்டில் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று அரசு நகரைக் காலி செய்யச் சொன்ன கதை இருக்கும். அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் கிரயம் நடந்திருந்தால் ஏன் விற்றார்கள் என்று அந்தக் கதையோடு சேர்த்து விசாரியுங்கள். தெருவில் பழைய இஸ்திரிக்காரர், பால்காரர், பிளம்பர் இவர்களுக்கு வீட்டுக்காரரைவிட அதிகம் தெரியும். எந்த போர்ஷனில் எத்தனை பேர் என்பது அவர்கள் தொழில். ஆள் பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் 'துறைமுகத்துக்காரர் வீடு', 'டீச்சரம்மா போர்ஷன்', 'பர்மாக்காரர்' என்று அடையாளம் சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள். பிறகு வாக்காளர் பட்டியலில் பொருத்திப் பார்க்கலாம்.

'அந்த வீட்ல ஒரு பொண்ணு செத்துப்போச்சு' என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நூறு வருஷ வீட்டில், அதுவும் ஆஸ்பத்திரிப் பிரசவம் பரவலாகாத காலத்தில், பிறப்பும் இறப்பும் வீட்டில்தான் நடந்தன. இறப்புப் பதிவேட்டைத் தேடலாம். ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, கொடுக்கப்படும் எந்த நகலிலும் இறப்பின் காரணம் இருக்காது. காரணம் தெரியும் என்று சொல்பவர் பதிவேட்டிலிருந்து சொல்லவில்லை. திரட்டியதை மற்ற பிளாட்காரர்களோடு பகிரும்போது, உயிரோடு இருக்கும் குடித்தனக்காரர்களின் பெயர், வழக்கு, வாடகை பாக்கி இவற்றை எடுத்துவிடுங்கள். 1960களுக்கு முந்தையதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்; அதற்குப் பிந்தையதற்கு அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்கப்போன இடத்தில்தான் பெரும்பாலும் பழைய போட்டோவும் கிடைக்கும்.